பிரயோக கணிதம்

எங்களுக்குத் திங்கட்கிழமைதான் ஞாயிறு. ரொறன்ரோவில் குசினி வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் சனம் வெளியே சாப்பிட வரும். திங்களன்று எங்கள் றெஸ்ரோரன்ட் பூட்டு. உடுப்புத் தோய்ப்பது, ஊருக்கு ரெலிபோன் எடுப்பது, விட்ட நித்திரையைக் கொள்வது எல்லாம் அந்த ஒரு நாளுக்குள் நடந்தாக வேண்டும். அந்த நாளின் பின்னேரத்தைத்தான் கிட்டத்தட்டப் பத்து வருடமாக, ஸ்காபரோவில் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தள அறையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக் கழிக்கிறோம். ஏன் என்று கேட்பவர்களிடம் சமூக சேவை என்று சொல்லித் தப்பிவிடுவோம். உண்மையான காரணத்தை இதுவரை எங்கும் எழுதவில்லை.

நாங்கள் நாலு பேர். நாலு பேருக்கும் ஒரே குசினி. ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடம். 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ-9 பாதை பூட்டுப்பட்டபோது கிளிநொச்சியில் வீட்டுக்குப் போயிருந்தவர், பிறகு வகுப்புக்குத் திரும்பவேயில்லை. ஒருவர் வந்தாறுமூலையில் ஒன்றரை வருடம். ஒருவர் பேராதனையில் முதல் வருடச் சோதனையோடு விட்டவர். நாலாமவர் உயர்தரப் பெறுபேறு வர முதலே நாட்டை விட்டவர். நாற்பதை எட்டிப் பிடிக்கிறோம். ஒருவரும் இன்னும் தொடவில்லை. ஆனாலும் குசினியில் எங்களுக்கு ‘கம்பஸ்காரர்’ என்று பெயர். அந்தப் பெயரில் எங்களுக்கு ஒரு கள்ளப் பெருமையும் இருந்தது. வினை அதிலிருந்துதான் வந்தது.

2015ஆம் ஆண்டு, பனி கொட்டுகிற மாதம். எங்களோடு கோப்பை கழுவுகிற புங்குடுதீவு அண்ணை, மடித்த ஒரு தாளை ஏப்ரன் பைக்குள்ளிருந்து எடுத்தார்.

“தம்பிமார், நீங்கள் கம்பசுக்குப் போன ஆக்கள். இதை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. மகன் நாளைக்குக் குடுக்கவேணுமாம்.”

மகன் அப்போது எட்டாம் வகுப்பு. அடுத்த வருடம் உயர்பள்ளிக்குப் போக என்னென்ன பாடம் எடுப்பது என்று நிரப்பிக் கொடுக்கிற போர்ம். ஆங்கிலம், கணக்கு, விஞ்ஞானம் ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு பெட்டி. ஒன்றில் அக்கடமிக், மற்றதில் அப்ளைட். அப்ளைட் பெட்டிகளுக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் சின்னக் கோடு இழுத்திருந்தார்கள்.

ஊரில் உயர்தரம் படித்தவர்களுக்குத் தெரியும். இணைந்த கணிதத்தில் ஒரு பாதி தூயது, மறுபாதி பிரயோகம். நிலையியலும் இயக்கவியலும் அந்தப் பிரயோகப் பாதியில்தான் வரும். அதை வெல்கிறவன்தான் எஞ்சினியர். நாங்கள் அந்தத் தாளை இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

“அப்ளைட் எண்டால் பிரயோக கணிதம் அண்ணை. நல்ல பாடம். வையுங்கோ கையெழுத்தை.”

சொன்னது ஒரு வாய்தான். தலையாட்டியது நாலு தலையும். அண்ணை ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, வெங்காயப் பெட்டிக்கு மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். எங்களுக்கு நன்றியும் சொன்னார்.

ஒன்ராறியோவில் 1999இலிருந்து ஒன்பதாம் வகுப்பு இந்த இரண்டு பாதையாகத்தான் பிரிந்து கிடந்தது. அக்கடமிக் எடுத்த பிள்ளை பல்கலைக்கழகத்தை நோக்கிப் போகும். அப்ளைட் எடுத்த பிள்ளைக்குக் கொலிஜ், அல்லது வேலை. சட்டப்படி தெரிவு பெற்றோருடையது. பென்சில் கோட்டை அழித்துவிட்டு மற்றப் பெட்டியை நிரப்பலாம், ஒருவரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் நிரப்பலாம் என்பதை யாரும் வந்து சொல்லவும் மாட்டார்கள். அப்ளைட் வகுப்புகளில் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் அளவுக்கு மீறி நிறைந்திருந்ததை ரொறன்ரோ கல்விச் சபையின் சொந்தத் தரவுகளே காட்டின. ஊரில் தரப்படுத்தலைப் பற்றி விடிய விடியப் பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே ஒரு தரப்படுத்தலுக்கு எங்கள் கையாலேயே பேனை எடுத்துக் கொடுத்திருக்கிறோம்.

அண்ணைக்கு இது தெரியவர ஒன்றரை வருடம் எடுத்தது. பெற்றோர் சந்திப்புக்குப் போய்வந்த மறுநாள் பாத்திரத் தொட்டிக்கு முன்னால் நின்றபடி சொன்னார்: “பெடியன் இப்பிடியே போனால் யூனிவேசிற்றிக்குப் போகேலாதாம்.” பிறகு எங்களைத் திரும்பிப் பார்க்காமலே, “நீங்களும் தெரியாமத்தானே சொன்னனீங்கள்” என்றார். இரண்டு கெட்ட வார்த்தை பேசியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஒரு வழி இருந்தது. அப்ளைட் கணக்குப் படித்த பிள்ளை, கோடை விடுமுறையில் இடைமாற்றுப் பாடம் ஒன்றை எடுத்து அக்கடமிக் பக்கம் தாவலாம். நாங்கள் படிப்பிக்கிறோம் என்று திங்கட்கிழமைகளில் அண்ணையின் வீட்டுக்குப் போகத் தொடங்கினோம். பெடியன் ஆறு கிழமை எங்களுக்கு முன்னால் இருந்தான். மரியாதையான பிள்ளை. ஏழாம் கிழமை கொப்பியை மூடிவைத்துவிட்டு, “நான் அப்ளைட் ஆள் அங்கிள்” என்றான். சாதி சொல்வதுபோல, இரத்த வகை சொல்வதுபோலச் சொன்னான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. இன்று வீடுகளுக்குச் சூடாக்கி பூட்டுகிற வேலை செய்கிறான். எங்களைவிட நன்றாக உழைக்கிறான். அதைச் சொல்லி எங்களை ஆறுதல்படுத்தியவர்கள் இருக்கிறார்கள். அவன் அறிந்து தெரிந்து எடுத்த வேலையாக இருந்தால் நாங்களும் ஆறியிருப்போம்.

அவன் எழும்பிப் போன கதிரையில் அவனுடைய தங்கச்சி வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். வீடு கொள்ளாமல் போகவே, கட்டடப் பொறுப்பாளரைக் கெஞ்சிக் கீழ்த்தள அறையைக் கேட்டு வாங்கினோம். வகுப்புத் தொடங்கியது இப்படித்தான்.

ஊரிலே எங்களுக்கும் இப்படி ஒருவர் சொல்லித் தந்தவர்தான். தொண்ணூறுகளில் குடாநாட்டில் மின்சாரம் கிடையாது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் விலை தங்கம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் துளி எண்ணெயும் விட்டு எரிக்கிற விளக்கு ஒன்றைச் சுற்றி எட்டுப் பத்துப் பிள்ளைகள் இருப்போம். உயர்தரம் எடுத்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கிற அண்ணா ஒருவர் சனசமூக நிலையத்தில் இலவசமாக வகுப்பெடுத்தார். ஒரு சதம் வாங்கவில்லை. ஆனால் வாய்ப்பாடு பிழைத்தால் காது சிவக்கும். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தபோது அந்த அண்ணா எந்தப் பக்கம் போனார் என்று எங்களுக்குத் தெரியாது. அவருடைய எழுத்தை இன்றைக்குக் காட்டினாலும் அடையாளம் சொல்லுவோம்.

இங்கே பழைய மாணவர் சங்கங்கள் வருடாவருடம் இராவிருந்து வைத்து, ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு மண்டபமும் மதிலும் கட்டக் காசு சேர்க்கின்றன. நல்ல காரியம். நாங்களும் ரிக்கற் வாங்கியிருக்கிறோம், சிலவற்றுக்குச் சமைத்துமிருக்கிறோம். ஆனால் அந்த விருந்து முடிய எச்சில் கோப்பை கழுவுகிறவரின் பிள்ளை எந்தப் பெட்டியில் விழுகிறான் என்று கேட்க ஒரு சங்கமும் எங்கள் கண்ணில் படவில்லை.

சும்மா குறை சொல்லக்கூடாது. கேட்டவர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். 2001இல் ரீஜன்ட் பார்க்கில் ஒரு சுகாதார நிலையம் தொடங்கிய ‘பாத்வேய்ஸ்’ திட்டம் பிள்ளைகளுக்கு இலவச ரியூசனோடு வழிகாட்ட ஒரு ஆளையும், பள்ளிக்கூடம் போக பஸ் ரிக்கற்றையும், மேற்படிப்புக்கு உதவித்தொகையையும் கொடுத்தது. பஸ் ரிக்கற் என்பதை யோசித்தவர் நிச்சயம் ஏழ்மையைக் கண்டவர். அதற்கும் நூறு வருடம் முந்தியது ஃபுறொன்ரியர் கொலிஜின் கதை. அதை எங்களில் ஒருவர் நூலகத்தில் வாசித்துவந்து குசினியில் சொன்னார். 1899இல் அல்பிரட் ஃபிற்ஸ்பற்றிக் என்ற பாதிரியார் தொடங்கியது. அதன் ஆசிரியர்கள் பகலில் மரம் வெட்டும் முகாம்களிலும் ரயில் பாதைகளிலும் மற்றத் தொழிலாளிகளோடு சேர்ந்து வேலை செய்வார்கள். இரவில் அதே தொழிலாளிகளுக்கு எழுத்துப் படிப்பிப்பார்கள். பிறகு சீனத்துக்குப் போன வைத்தியர் நோர்மன் பெதியூன் 1911இல் அப்படி ஒரு முகாமில் இருந்தவர். 2022இல் அந்த நிறுவனம் தன் பெயரை மாற்றிக்கொண்டது. பகலில் கோடரி, இரவில் சோக்குக்கட்டி என்றதும் எங்களுக்குக் கொஞ்சம் நிமிர்வு வந்தது. அன்று வெங்காயம் வேகமாக வெட்டுப்பட்டது.

நிமிர்வு கனநாள் நிற்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த படிப்பித்தல் அந்த ஜாம் போத்தல் வகுப்புத்தான். வாய்ப்பாடு பாடமாக்கு, பத்துத் தரம் எழுது. இங்கத்தைப் பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். மைனசை மைனசால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று அண்ணையின் மகள் கேட்டாள். அது அப்படித்தான் என்றோம். “ரீச்சரும் அதைத்தான் சொன்னவ” என்றாள்.

பேராதனைக்காரர் அந்தக் கிழமை முழுக்க உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே யோசித்தார். அடுத்த திங்கள், ஊர்க் கடையின் கடன் கொப்பியைப் பற்றிச் சொன்னார். உன் பெயரில் ஐந்து ஐந்து டொலராகக் கடன் எழுதியிருக்கிறது. கடைக்காரர் மனம் இரங்கி அதில் மூன்றை வெட்டிவிடுகிறார். கடன் மைனஸ், வெட்டுவதும் மைனஸ். உனக்கு என்ன நடந்தது? அவள் விரல் விட்டுப் பார்த்து, “பதினைஞ்சு டொலர் லாபம்” என்றாள். பிறகு, “கிறெடிற் காட்டிலையும் இப்பிடி வெட்டுவினமோ?” என்று கேட்டாள். அதற்குப் பதில் எங்கள் நாலு பேருக்கும் நன்றாகத் தெரியும்.

சோமாலியப் பிள்ளைகள், பிலிப்பீனோக்கள், ஜமெய்க்காப் பாட்டி ஒருத்தியின் இரண்டு பேரன்மார் என்று அறை நிறைந்தபோது எங்கள் ஆட்களில் சிலர் முகம் சுளித்தார்கள். “எங்கடை பிள்ளையளுக்கு நேரம் காணாது, இதுக்குள்ளை...” என்று இழுத்தார்கள். குசினிக்குள் இது ஒரு சண்டையாகவே நடந்தது. எங்களில் ஒருவரும் முதலில் அந்தப் பக்கம்தான் நின்றார். சண்டை தீர்ந்தது நியாயத்தால் அல்ல. பாட்டி கொண்டுவந்த மாட்டிறைச்சிப் பற்றீசால்.

2020 மார்ச்சில் றெஸ்ரோரன்டும் பூட்டு, அறையும் பூட்டு. கைத்தொலைபேசியில் பின்னம் படிப்பித்தோம். 2021இல் ஒன்பதாம் வகுப்புக் கணக்கையும், 2022இல் மற்றப் பாடங்களையும் அரசாங்கம் ஒரே பாதையாக்கியது. செய்தியைப் புங்குடுதீவு அண்ணைக்குச் சொன்னோம். “நல்லது. இனி வாறதுகள் தப்பும்” என்றார். பத்தாம் வகுப்பில் அந்த இரண்டு பெட்டியும் இன்னும் இருப்பதை அவருக்குச் சொல்லவில்லை. அதனால்தான் திங்கட்கிழமைகளில் பாதி நேரம் போர்ம் வாசிப்பதில் போகிறது. தாய்மார் பையோடு கொண்டுவந்து கொட்டுவார்கள்.

இப்போது உயர்பள்ளிப் பிள்ளைகளும் எங்களோடு நின்று சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். டிப்ளோமா எடுக்க நாற்பது மணித்தியாலம் சமூக சேவை செய்ய வேண்டும் என்பது இங்கத்தைச் சட்டம். நாற்பதும் முடிந்தவுடன் மறைந்துபோகிறவர்களும் உண்டு, எண்ணாமல் நிற்கிறவர்களும் உண்டு. போன மாதம், ஐந்தாம் வகுப்பில் எங்களிடம் பிள்ளையாக வந்த ஒருத்தி தன்னுடைய நாற்பது மணித்தியாலப் போர்மோடு வந்தாள். மேற்பார்வையாளர் கையெழுத்துப் போடுகிற இடத்தைக் காட்டினாள். ஸ்காபரோ ரயில் 2023 யூலையில் தடம் புரண்டு மூடுப்பட்ட பிறகு எல்லாரும் பஸ்சுக்குத்தான் ஓட வேண்டும், அவளுக்கு அவசரம். நாங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினோம்.

“அங்கிள், அது சும்மா போர்ம். சைன் பண்ணுங்கோ.”

“பொறு பிள்ளை” என்றோம். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினோம்.