வில்லாபுரத்துக்கு ஒரு டிக்கெட்

என் தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். எனக்கு 8 வயதாகும்போது, வில்லாபுரத்து வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து வேற்றுமை உருபு சொல்லிக் கொடுத்தார். 'மரம்' என்பதோடு 'ஐ' சேர்ந்தால் ஏன் 'மரமை' ஆகாமல் 'மரத்தை' ஆகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"நடுவிலே அத்துச் சாரியை வருகிறது" என்றார்.

"அதுதான் எங்கிருந்து வந்தது?"

"தொல்காப்பியரே வரும் என்றுதான் சொல்லியிருக்கிறார். எங்கிருந்து என்று சொல்லவில்லையடா."

நான் சிரித்துவிட்டேன். அவர் புஸ்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அவர் காலமாகிப் பல வருஷங்களுக்குப் பிறகு, ஹிட்டைட் என்ற பழம் பாஷையைப் பற்றிப் படித்தேன். துருக்கியில் போகாஸ்கோய் என்னும் ஊரில் 1906-ல் தோண்டத் தொடங்கி, எழுத்துப் பதித்த களிமண் பலகைகளை ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள். 1915-ல் செக் அறிஞர் ஹ்ரோஸ்னி அந்தப் பாஷையின் பூட்டைத் திறந்தார். சாவி எது தெரியுமா? ரொட்டி தின்பதையும் தண்ணீர் குடிப்பதையும் பற்றிய ஒரு சாதாரண வாக்கியம். அதில் 'வாதர்' என்று ஒரு சொல். இங்கிலீஷ் 'வாட்டர்' காதில் விழுகிறதல்லவா?

வேடிக்கை அதற்கு மேல்தான். தண்ணீர் என்றால் 'வாதர்'. தண்ணீரினுடைய என்றால் 'விதேனஸ்'! உருபு வந்ததும் 'ர்' ஓடிப்போய், அந்த இடத்தில் 'ன்' உட்கார்ந்துகொள்கிறது. இந்த இரட்டை வேஷம் தாய்மொழி கொடுத்த சீதனம். அந்தத் தாயின் மற்றக் குழந்தைகள் பாகம் பிரித்துக்கொண்டன: இங்கிலீஷுக்கு 'ர்' போயிற்று, சம்ஸ்கிருதத்தின் 'உதன்' என்ற சொல்லுக்கு 'ன்' போயிற்று. புரோகிதர் சொல்லும் 'உதகம்' அந்த வழிதான். ஹிட்டைட்டோ இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக் காப்பாற்றியது.

தமிழுக்கும் ஹிட்டைட்டுக்கும் உறவில்லை. யாரும் உறவு கொண்டாட வேண்டாம். ஆனால் தனியே நிற்கும்போது காட்டாத முகத்தை, உருபு வந்தவுடன் பெயர்ச்சொல் காட்டுவது இரண்டிலும் உண்டு. நம் 'மரத்தின்' என்பதைக் கன்னடத்தார் 'மரத' என்கிறார்கள். அந்த 'த' நம் 'அத்து'வுக்குப் பங்காளி. தமிழும் கன்னடமும் தனிக்குடித்தனம் போவதற்கு முந்திய வீட்டுச் சாமான் அது! 'அங்கிருந்துதான் வந்தது, அப்பா' என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை.

போன வாரம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர், "வில்லாபுரம், வில்லாபுரம்!" என்று கூவினார். தாயின் மடியிலிருந்த பையன் ஒருவன், பள்ளிக்கூட வாசலை இன்னும் மிதித்திருக்க மாட்டான், காசை நீட்டிச் சொன்னான்:

"வில்லாபுரத்துக்கு ஒரு டிக்கெட்."