குன்றேறும் தோழன்

ஊரை விட்டு வந்து பெருநகரத்தில் குடியேறியவர்களுக்கு அருகிலேயே ஒரு குன்று வாய்ப்பது பெரும் பேறு. புனேயில் வாழும் நமக்கு அப்பேறு நிறையவே கிடைத்திருக்கிறது. வீடுகளுக்கும் சாலைகளுக்கும் இடையே தலை நிமிர்ந்து நிற்கும் இக்குன்றுகளை மராத்தியர் ‘டேக்டி’ என்று அழைப்பர். அவற்றுள் உயர்ந்தது வேதாள் டேக்டி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரம் உடையது. விடியற்காலையில் குன்றுகளின் மேல் முதியோர் நடப்பதையும் இளைஞர் ஓடுவதையும் காணலாம். தடித்த சக்கரம் பூட்டிய மலைச் சைக்கிளில் ஏறிச் செல்வோரும் உண்டு. அச்சைக்கிள்களின் பின்னால் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓடி வரும் நாய்களையும் அண்மைக் காலமாகப் பார்க்கிறோம். இந்த நாய்களைப் பற்றியே நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

மலைச் சைக்கிள் நம் நாட்டில் தோன்றியதன்று. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், தமல்பாயிஸ் என்னும் மலையின் சரிவுகளில், இளைஞர் சிலர் பழைய சைக்கிள்களைத் திருத்தியமைத்து மண் பாதையில் இறங்கி விளையாடினர். அந்த விளையாட்டு வளர்ந்தே இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. ஆனால், நாய் துணைவர மலையேறும் வழக்கமோ நமக்கு மிகப் பழையது. பாரதத்தின் இறுதியில் தருமபுத்திரர் இமயம் நோக்கி நடக்கிறார். திரௌபதியும் தம்பியரும் ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்துவிடுகின்றனர். கடைசி வரையில் உடன் வந்தது ஒரு நாய். இந்திரன் தேரைக் கொணர்ந்து நிறுத்தி, “ஏறுக” என்றபோது, நாயை விட்டுவிட்டு ஏற மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். சக்கரத்தின் மேல் இருப்பவன், கால்களால் தொடர்ந்து வரும் ஜீவனுக்குச் செய்ய வேண்டியது என்ன என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை வேறு உண்டோ!

நான் ரயில்வேயில் பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவன். ரயிலில் நாயை அழைத்துச் செல்வோர் எங்களிடம் பதிவு செய்து, கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் ஏற்றுவது வழக்கம். வழியில் நீரும் உணவும் கொடுப்பது உடையவர் பொறுப்பு. கையில் கிண்ணமும் நீரும் கொண்டு வருவோரையும், சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பிப் பாராமல் தம் பெட்டிக்குப் போவோரையும் நாள்தோறும் காண்கிறேன். குன்றின் மேலும் இவ்விரு வகையினரைக் காண முடிகிறது.

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குடியிருப்பில் உள்ள தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, கல்லூரி மாணவன், தன் சைக்கிளின் பின்னே வீட்டு நாயை ஓடவிட்டு மேலேறியிருந்தான். காலை ஒன்பது மணி கடந்துவிட்டது. நான் திரும்பி இறங்கும் வேளையில், பாதையோரத்தில் அந்த நாய் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. ஈறுகள் செங்கல் நிறமாகியிருந்தன; மூச்சு இரைத்தது; கண்கள் எதையும் நோக்கவில்லை. பிள்ளை பக்கத்தில் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தான்.

என்னிடமும் அங்கே நடந்துகொண்டிருந்த பெரியவர்களிடமும் இருந்த நீர் முழுவதையும் அதன் உடலில் ஊற்றினோம். மர நிழலில் கிடத்தி, துண்டால் விசிறினோம். அதன் பிறகே ஆட்டோவில் ஏற்றி மருத்துவரிடம் கொண்டு சென்றோம். “முதலில் குளிர்வித்தீர்கள், அதனால் பிழைத்தது. அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தால் வழியிலேயே போயிருக்கும்” என்றார் மருத்துவர். நாய் இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்து மீண்டது.

அன்று அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி என் நெஞ்சை விட்டு அகலவில்லை. “மாமா, அது ஓரிடத்தில்கூட நிற்கவில்லையே! களைத்திருந்தால் நின்றிருக்காதா?”

“நிற்காது தம்பி. நீ போகிறாய் அல்லவா, அதனால் அதுவும் வரும்” என்றேன்.

நான் சொல்ல வந்த செய்தி இதுதான். மனிதன் களைத்தால் உட்கார்ந்துவிடுவான். நாயோ தலைவன் செல்லும் வரையில் தானும் செல்லும். நாம் போற்றும் அதன் விசுவாசமே அதற்கு ஆபத்தாக முடிகிறது. ஆகவே, ‘போதும்’ என்று சொல்லும் கடமை சைக்கிளில் இருப்பவனைச் சேர்ந்தது.

நாயின் உடல் நம் உடல் போன்றதன்று. நமக்கு மேனியெங்கும் வியர்க்கிறது. நாய்க்கோ பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும். மற்றபடி மூச்சிரைப்பினாலேயே அது வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. அதன் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை. அது 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நம் குன்றுகளோ கரும்பாறையால் ஆனவை; கோடையில் விரைவில் கொதிப்பேறுபவை. புறங்கையைப் பாறைமேல் வைத்து ஏழு நொடி பொறுக்க முடியவில்லை என்றால், அது நாயின் பாதத்திற்கும் ஆகாது. கோடையில் சூரியன் எழும் முன்னரே ஏறி, வெயில் உறைக்கும் முன்னரே இறங்கிவிடுவது நலம்.

ஒரு வயது நிரம்பாத குட்டியைச் சைக்கிளோடு ஓடவிடலாகாது. அதன் எலும்புகளும் மூட்டுகளும் முதிர்ந்திரா. பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயது வரையிலும் பொறுத்திருக்க வேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் இவ்வோட்டத்திற்கு என்றும் ஏற்றவையல்ல. உண்டவுடன் ஓடினால் சில நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை நின்று, சிறிது சிறிதாக நீர் புகட்ட வேண்டும்.

கயிற்றைச் சைக்கிளின் கைப்பிடியில் கட்டவே கூடாது. நாய் ஒரு பக்கம் பாய்ந்தால் இருவரும் விழுவது உறுதி. ‘பின்னே வா’ என்னும் ஒரு சொல்லை வீட்டு முற்றத்திலும் சமதரையிலும் பல வாரம் பழக்கிய பிறகே மலைப்பாதைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஏற்றத்தில் நாய்க்கு வருத்தமில்லை. நாம்தாம் மெல்லச் செல்வோமே! இறக்கத்தில்தான் இடர் இருக்கிறது. நமக்குப் பிரேக் உண்டு. சக்கரம் தானே உருளும். நாயோ ஒவ்வொரு தாவலிலும் தன் எடையை முன்னங்கால்களில் தாங்கி இறங்குகிறது. அதன் இயல்பான துள்ளுநடை மணிக்கு 10, 12 கிலோமீட்டர்தான். நம் இறக்கமும் அவ்வேகத்தை மீறலாகாது.

நம் நாயைப் பேணுவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. குன்று நமக்கு மட்டும் உரியதன்று. ஆள்காட்டியும் வானம்பாடியும் தரையில் முட்டையிடும் பறவைகள். கோடை மாதங்களில் அவிழ்த்துவிட்ட நாய் ஒன்று புல்லில் புகுந்தால் ஒரு பருவத்துக் குஞ்சுகள் அழிந்துபோகும். முதியோரும் குழந்தைகளும் வரும் இடத்தில் நாயைக் கயிற்றில் பிடித்து, நாமும் இறங்கி நின்று வழிவிடுவதே பண்பு. சரணாலயங்களுக்குள் நாயை அழைத்துச் செல்லுதல் அறவே தகாது. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் மாண்டன. அவற்றுள் பலவற்றின் உடலில் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயின் கிருமி காணப்பட்டது. ஆகவே வெறிநோய்க்கும் டிஸ்டெம்பருக்கும் தடுப்பூசி போடாத நாயைக் குன்றுக்கு அழைத்துச் செல்லக் கூடாது. வீடு திரும்பியதும் காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பது நாள்தோறும் செய்ய வேண்டிய பணி. உண்ணிக் காய்ச்சல் பல நாய்களைக் கொண்டுபோயிருக்கிறது.

“இத்தனை தொல்லையா? நாயை வீட்டிலேயே விட்டுவிடலாமே!” என்று அன்பர்கள் கேட்கக்கூடும். அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. நம் பிள்ளைகள் அடுக்கு வீடுகளில் வளர்பவர்கள். நாம் சிறுவயதில் கண்ட கண்மாய்க் கரையும் களத்துமேடும் அவர்களுக்கு இல்லை. பேசத் தெரியாத ஓர் உயிரின் முகத்தைப் பார்த்து, அதற்கு வேண்டியதை அறிந்துகொள்ளும் பழக்கத்தை எந்தப் பள்ளியும் கற்றுத் தருவதில்லை. அதைக் குன்றும் நாயும் கற்றுத் தருகின்றன. மயங்கி விழுந்த நாயை மீட்ட அந்தப் பிள்ளை இன்று இரண்டு புட்டி நீர் இல்லாமல் குன்றேறுவதில்லை. நூறு கஜத்திற்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கிறான். அவன் பெற்றோரிடமும் அப்படியே நடக்கத் தொடங்கியிருக்கிறான் என்று அவன் தாயார் என் மனைவியிடம் சொன்னாராம்.

எங்கள் வீட்டு முத்து, பார்சல் அலுவலக வாசலில் குட்டியாகக் கிடைத்த நாட்டு நாய். ஐந்து ஆண்டுகள் என் சைக்கிளோடு குன்றேறியது. இப்போது அதற்கு ஒன்பது வயது. பின்னங்கால்கள் சற்றே விறைத்துவிட்டன. சைக்கிளை நான் தொட்டால் இன்றும் வாசலில் வந்து நிற்கிறது. அழைத்தால் மறுக்காமல் ஓடி வரும் என்பதையும் அறிவேன். ஆதலால் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளைச் சுவரோரம் சாத்திவிட்டு, முத்துவோடும் மகளோடும் குன்றின் அடிவாரம் வரை நடந்து போய் வருகிறேன். முன்பு அரை மணியில் கடந்த வழிக்கு இப்போது ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை.