பாதி டேங்க்

2018 நவம்பர் 16, விடியற்காலை ஐந்து மணி. ஜெனரேட்டர் ஷெட்டில் டார்ச் அடித்து டீசல் டேங்கின் அளவுக்குழாயைப் பார்த்தேன். சரிபாதி இறங்கியிருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது டெல்டாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மெயின்டெனன்ஸ் என் பொறுப்பு. கரன்ட், தண்ணீர், ஆக்சிஜன், லிஃப்ட் எல்லாம் நான்தான் பார்க்க வேண்டும். கஜா புயல் வருகிறது என்று சில நாட்களாகவே டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் சும்மா இருக்கவில்லை. ஜன்னல்களுக்கு பிளைவுட் அடித்தோம். மாடித் தொட்டியை நிரப்பினோம். ஆக்சிஜன் சிலிண்டர்களைக் கூடுதலாக இறக்கிச் சங்கிலி போட்டுக் கட்டினோம். பிரசவத் தேதி நெருங்கிய ஐந்து பெண்களை டாக்டரம்மா முன்கூட்டியே வரவழைத்துச் சேர்த்துக்கொண்டார். டீசல் நிலவரம் கேட்டபோது, "200 லிட்டர் ஃபுல்லா இருக்கு, 40 மணி நேரம் தாங்கும்" என்றேன்.

அந்த 40 நானாகப் போட்ட கணக்கு. சாதாரணமாகக் கரன்ட் போகும் இரவுகளில் லைட்டும் ஃபேனும் மட்டும் ஓடும். மணிக்கு ஐந்து லிட்டர் செலவாகும். சனிக்கிழமைதோறும் பத்து நிமிஷம் லோடே இல்லாமல் இன்ஜினை ஓடவிட்டு, பதிவேட்டில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஐ.சி.யு., அத்தனை ஏ.சி., போர் மோட்டார், லிஃப்ட் எல்லாம் ஒன்றாக ஓடினால் என்ன ஆகும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. மணிக்கு 14 லிட்டர் ஆகும். அதைக் கஜா இரவில்தான் தெரிந்துகொண்டேன்.

இரவு பத்து மணிக்குக் கரன்ட் நின்றது. நள்ளிரவுக்கு மேல் வேதாரண்யம் அருகே புயல் கரையைக் கடந்தது. 120 கிலோமீட்டர் வேகம் வரை காற்று வீசியது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில் இருப்பது தகரக் கூரைகள் பிய்ந்து பறந்த சத்தம்தான்.

ஐந்து மணிக்கே நான் மேலே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அறைகளின் ஏ.சி.களையும் லிஃப்டையும் நிறுத்தியிருந்தால், மீதி 100 லிட்டர் நள்ளிரவு வரை வந்திருக்கும். ஆனால் 40 மணி நேரம் என்று சொன்ன வாயால் எப்படிச் சொல்வது என்று கூசினேன். விடிந்தால் பங்க் திறந்துவிடும், வாங்கி ஊற்றிவிடலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

விடிந்ததும் இரண்டு பையன்களோடு கேன்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பத்தடிக்கு ஒரு தென்னை, அதன் மேல் ஒரு மின்கம்பம் என்று சாலையே தெரியவில்லை. அந்தப் புயலில் சாய்ந்த கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். மரங்களில் ஏறி இறங்கி மூன்று கிலோமீட்டர் போனோம். பங்கில் ஆள் இருந்தார், தரைக்கடியில் டீசலும் இருந்தது. அதை மேலே இழுக்கும் பம்புக்குக் கரன்ட் இல்லை. அவர்கள் ஜெனரேட்டர் மீது கூரை விழுந்து கிடந்தது. பங்குக்கும் கரன்ட் வேண்டும் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

திரும்பி வர பதினொன்றரை. அப்போதுதான் வாயைத் திறந்தேன். ஐ.சி.யு. தவிர எல்லாவற்றையும் நிறுத்தினோம், இருந்தும் ஒரு மணிக்கு இன்ஜின் நின்றுவிட்டது.

ஐ.சி.யு.வில் கட்டுவிரியன் கடித்த இளைஞர் ஒருவர் வென்டிலேட்டரில் இருந்தார். அந்த விஷம் தசைகளை முடக்கிவிடும், கண்ணிமையைக்கூடத் தூக்க முடியாது. ஆனால் பல சமயம் நினைவு இருக்கும், காது கேட்கும். அரை மணி நேரம் வர வேண்டிய வென்டிலேட்டர் பேட்டரி, மாற்றாமல் விட்ட பழையது என்பதால், 11 நிமிஷத்தில் அணைந்தது. சிஸ்டர், மூச்சுக் காற்றைச் செலுத்தும் அம்பு பையை (Ambu bag) மாட்டிக் கையால் அழுத்தத் தொடங்கினார். ஐந்தாறு நொடிக்கு ஒரு அழுத்து. அவருக்குக் கை ஓய்ந்தபோது என்னிடம் கொடுத்தார்.

"நெஞ்சு ஏறுதா இறங்குதான்னு மட்டும் பாருங்கண்ணே, வேற எங்கயும் பாக்காதீங்க."

பிறகு அந்தப் பையனின் காதருகே குனிந்து, "தம்பி, கரன்ட்தான் போயிருக்கு, பயப்படாதீங்க. அண்ணன் கையால காத்து குடுக்குறாரு" என்றார். அழுத்த அழுத்த என் கட்டைவிரல் மரத்துப்போனது. அந்த மூடிய கண்களைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

பிரசவ வார்டில் இருந்த ஒரு பெண்ணின் மாமனார் விவசாயி. விஷயம் கேட்டதும் ஊருக்கு நடந்து போய், டிராக்டர் டேங்கில் ட்யூப் போட்டு உறிஞ்சி, மகனும் அவருமாக இரண்டு கேன்களைத் தோளில் சுமந்து வந்தார்கள். அவருடைய தென்னந்தோப்பு மொத்தமும் அன்று காலை சாய்ந்து கிடந்தது என்பது மறுநாள்தான் எனக்குத் தெரியும். டீசல் தீர்ந்து நின்ற இன்ஜின், ஊற்றியவுடன் கிளம்பாது. லைனில் ஏர் பிடித்திருக்கும். கைப்பம்பு அடித்து ஏர் எடுக்கவே பத்து நிமிஷம் ஆனது. ஒன்று ஐம்பதுக்கு வென்டிலேட்டர் மறுபடி ஓடியது. அடுத்த மூன்று நாளும் அக்கம்பக்கத்து டிராக்டர்களின் டீசலில்தான் ஆஸ்பத்திரி நடந்தது. அந்த இளைஞர் பிழைத்து வீடு போனார்.

இப்படி வேறு எங்கும் நடந்திருக்கிறதா என்று பிறகு தேடித் தேடிப் படித்தேன். 2012இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13ஆவது மாடியில் பத்திரமாக இருந்தன. டீசலை மேலே ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் வெள்ளத்தில் மூழ்கின. ஆட்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி டீசலை ஏற்றினார்கள். அத்தனை பெரிய ஊரிலும் கடைசியில் மனிதக் கைதான் மிஞ்சியது. அதைப் படித்தபோது அந்த விவசாயியின் தோள்தான் கண்முன் நின்றது.

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தம்பிகளே, ஐப்பசி மழை பிறக்கும் முன் ஒரு பகல், டாக்டர்களிடம் சொல்லிவிட்டு, பேட்டரிகளையும் அம்பு பைகளையும் தயாராக வைத்துக்கொண்டு மெயினை இறக்குங்கள். எல்லா லோடையும் ஏற்றி ஒரு மணி நேரம் ஓடவிட்டு, எத்தனை லிட்டர் குறைந்தது என்று அளந்து எழுதுங்கள். புயலன்று டேங்க் பாதிக்கு வந்தால், முதலில் ஐ.சி.யு. சிஸ்டரிடம் போய்ச் சொல்லுங்கள்.