இறக்கத்தில் இஞ்சினை அணைத்தால்...

ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து திருத்தணி மலைக்குக் காரில் போகிறவர்களில் சிலருக்கு ஒரு பழக்கம். முருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்கும்போது இஞ்சினை அணைத்துவிடுவார்கள். வண்டி தானாக உருளும், பெட்ரோல் மிச்சமாம்! முதல் வளைவில் பிரேக் நன்றாகப் பிடிக்கும். இரண்டாவதிலும் பிடிக்கும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும்.

முதல் மிதியிலேயே ஏன் கல்லாகவில்லை? காரணம், வேக்குவம் செக் வால்வு என்ற சின்ன பிளாஸ்டிக் சாமான்.

பெட்ரோல் இஞ்சின் ஐடிலில் ஓடும்போது இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் வெளிக்காற்றைவிட சுமார் 450 முதல் 500 மி.மீ. பாதரசம் குறைவாக இருக்கும். அந்த வெற்றிடம் ஒரு ஓஸ் வழியாக பிரேக் பூஸ்டரிலிருந்து காற்றை உறிஞ்சிவிடுகிறது. பூஸ்டர் என்பது பெடலுக்கு முன்னால், பானெட்டுக்குள் தெரியும் கறுப்பு டப்பா. நடுவில் ஒரு டயாஃப்ரம். பெடலை மிதித்தால் அதன் ஒரு பக்கம் மட்டும் வெளிக்காற்று புகும், மறுபக்கம் வெற்றிடம். பிறகென்ன, காற்றே காலோடு சேர்ந்து தள்ளும். ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் வெற்றிடம் செலவாகும்.

ஓஸ் பூஸ்டரில் சேருமிடத்தில்தான் பெரும்பாலும் வால்வு இருக்கும். கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு தெரியும் அல்லவா? மோட்டார் நின்றாலும் பைப்பில் ஏறிய தண்ணீரைக் கீழே விடாது. அதே வேலைதான் இங்கேயும். பூஸ்டரிலிருந்து காற்று வெளியே போகலாம், திரும்பி வரக்கூடாது. மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் மேனிஃபோல்டில் வெற்றிடம் அநேகமாகக் காணாமல் போகும். அந்த நேரம் எதிரே பஸ் வந்தால் கைகொடுப்பது பூஸ்டரில் சேர்ந்திருக்கும் இருப்புதான்.

ஆனால் இருப்பு இரண்டு மூன்று மிதிக்குத்தான். இஞ்சின் அணைந்திருந்தால் அதை நிரப்ப ஆளில்லை. பிரேக் அடியோடு போய்விடாது, ஆனால் பலமடங்கு பலத்தோடு மிதிக்கவேண்டும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். இத்தனைக்கும் மிச்சம் ஒன்றுமில்லை! இப்போதைய இஞ்செக்‌ஷன் வண்டிகளில் கியரில் இருந்தபடி காலை எடுத்து இறங்கினாலே பெரும்பாலும் பெட்ரோல் தானாக நின்றுவிடும்.

வால்வு சரியா என்று வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். இஞ்சினை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். சில நிமிடம் கழித்து பெடலை மிதியுங்கள். முதல் மிதி மெத்தென்று இறங்கி, அடுத்தடுத்தவை கெட்டியானால் நல்லது. முதல் மிதியே கல்லாக இருந்தால் எங்கோ கசிகிறது. ஓஸா, பூஸ்டரா, வால்வா? மெக்கானிக் வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பார்ப்பார். இரண்டு பக்கமும் காற்று போனால் புதுசு வாங்கவேண்டியதுதான்.