காளையில்லாத ரிஷபவாகனர்

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்திற்கு நேற்று குடும்ப சமேதராய்ப் போயிருந்தோம். 1951இல் தொடங்கப்பெற்ற அக்கூடத்தில் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் பலவற்றைக் கண்டு களித்தோமாயினும், திருவெண்காட்டு மண்ணிலிருந்து வெளிப்பட்ட ரிஷபவாகனரின் சந்நிதியை அடைந்ததும் கால்கள் அப்பால் நகர மறுத்துவிட்டன. கி.பி. 1011இல், இராஜராஜன் ஆட்சியில் வார்க்கப்பெற்ற அம்மூர்த்தி, சடையையே தலைப்பாகையாகச் சுற்றி, அதனூடே பாம்பை நெளியவிட்டு, ஒரு காலை மற்றொன்றின் குறுக்கே இலேசாக ஊன்றி, அருகிருந்த காளை காணாமற்போன பின்பும் அதன்மீது கை சாய்த்த பாவனை சற்றும் மாறாமல் நிற்கும் ஒய்யாரம் இருக்கிறதே, அதைப் புகைப்படத்தில் மட்டும் கண்டு திருப்தியுறுவோர் பாக்கியம் குறைந்தவர்களே. காளை இருந்திருந்தால் இத்தனை சௌந்தரியம் இராது என்பது என் பிடிவாதம்; என் மனைவி அதை லவலேசமும் ஒப்பவில்லை.

இவ்விவாதம் அருகிலிருந்த ஓட்டலில் இலை போடும் வரை தொடர்ந்து, வாழைப்பூ உசிலியும் மோர்க்குழம்பும் வந்தபின் தானே அடங்கிற்று. ரசம் உத்தமம், பாயசத்தில்தான் சர்க்கரை சற்றே தாராளம். பரிமாறிய பெரியவர், “இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுங்களா?” என்று கேட்டுக்கேட்டு உபசரித்ததன் பலனாக, அடுத்துப் பெரிய கோயிலுக்குச் செல்வதாயிருந்த உத்தேசம் மாலைக்குத் தள்ளிப்போயிற்று.