துடைப்பதா, கழற்றுவதா?

தேசிய மாணவர் படையில் சேர்ந்த புதிதில் நம்மில் பலருக்கும் ஓர் ஆசை எழும்: துப்பாக்கியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்க்க வேண்டும்! கழற்றத் தெரிந்தவனே வீரன் என்று ஓர் எண்ணம். எனக்கோ துடைக்கத் தெரிந்தவன்மீதுதான் மதிப்பு.

இரண்டு உலகப் போர்களிலும் பயன்பட்ட .303 லீ என்ஃபீல்டு துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் தோட்டாவில் முதலில் தீப்பற்றும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழலின் உட்சுவரில் படியும். ஈரக் காற்று பட்டால் இரும்பு துருப்பிடிக்கும். இந்த உப்பு எண்ணெயில் கரையாது, நீரில் கரையும் என்பது வேதியியல் மாணவர் அறிந்ததன்றோ? எனவேதான் சுட்ட அன்றே குழலில் கொதிநீர் ஊற்றி, ஈரம் போகத் துடைத்து, பிறகு எண்ணெய் பூசினார்கள். துடைக்கும் கயிறும் எண்ணெய்க் குப்பியும் துப்பாக்கியின் அடிக்கட்டைக்குள்ளேயே இருந்தன என்றால் பாருங்களேன்!

கழற்றுவதோ? உள்ளே தோட்டா இல்லையென்று உறுதி செய்துகொண்டு, போல்ட்டையும் மாகசீனையும் எடுப்பதோடு வீரன் வேலை முடிந்தது. முன்பக்க மரத்தில் கை வைப்பது ஆயுதம் பழுதுபார்ப்பவரின் பொறுப்பு. மரம் குழலோடு பொருந்தும் விதம் சற்றே மாறினாலும் குறி விலகும்.

என் தந்தையார் பள்ளிக்கூடம் போகாதவர். மண்வெட்டியை மாலைதோறும் கழுவித் துடைப்பார். ஆடினாலொழியக் காம்பைக் கழற்றமாட்டார்.

இன்று மாணவர்கள் சுடும் .22 தோட்டாக்களில் பழைய உப்புத் தொல்லை இல்லை. ஆயினும் எங்கள் ஹவில்தார் விடுவதில்லை. குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். துணி வெள்ளையாக வெளிவரும் வரை ஒருவருக்கும் தேநீர் கிடையாது.