இப்போ எங்க இருக்க, மச்சான்?

பதுளையில் உயர்தரம் படித்த எங்கள் வகுப்பில் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு. தோட்டத்தின் பெயர்தான் ஆளின் பெயர். ஸ்பிரிங்வெளி, ஹொப்டன், தெமோதரை, மடுல்சீமை. சிலருடைய முழுப்பெயரே பரீட்சை அனுமதி அட்டை கைக்கு வந்த நாளில்தான் எங்களுக்குத் தெரிந்தது. முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. "நமுனுகுலை கட்டார்ல இருக்கான். தெமோதரை அவுஸ்திரேலியா போய்ட்டான். ஸ்பிரிங்வெளி வெள்ளவத்தையில கடை போட்டிருக்கான்." தோட்டத்தை விட்டுப் போய்ப் பதினைந்து வருடமான ஆளுக்கும் தோட்டப் பெயரே நிற்கிறது.

யார் யாரோடு பேசினாலும் முதலில் வருகிற கேள்வி, இப்போ எங்க இருக்க என்பதுதான். பதில் எவ்வளவு தூரத்து ஊராக இருக்கிறதோ, அவ்வளவு சந்தோஷம். கொழும்பு என்றால் பரவாயில்லை, டுபாய் என்றால் நல்லது, மெல்பேர்ன் என்றால் கைத்தட்டு. இதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. "பெரட்டுக்கு நிக்கிறது என்னோட போகட்டும்" என்று சொல்லித்தான் எங்கள் அம்மாமார் எங்களைப் படிக்க அனுப்பினார்கள். லுணுகலையிலிருந்து, மடுல்சீமையிலிருந்து வந்த பிள்ளைகள் பதுளையில் போடிங்கில் நின்றார்கள். அந்தக் காசு பலருக்கும் அம்மாவின் தீபாவளி முற்பணத்திலிருந்து வந்தது. முற்பணம் வாங்கிய கையோடு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டு விழும். அப்படிப் படித்த பிள்ளை வெளியே போய் நின்றால் ஊர் மகிழத்தான் செய்யும்.

அப்பாவின் தலைமுறைக்கும் வகுப்புத் தோழர்கள் இருந்தார்கள். ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிகிற தோட்டப் பாடசாலை. 1948இல் பிரஜாவுரிமை பறிபோனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவு. அந்தப் பிரிப்பில் ஒரே பெஞ்சில் இருந்த பிள்ளைகள் இரண்டு நாடுகளுக்குப் போனார்கள். தலைமன்னாருக்குக் கோச்சி ஏறி, அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம் போய், கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் தேயிலை மலைக்கே போய்ச் சேர்ந்தவர்கள் ஏராளம். சில வருடம் கடிதம் வந்தது. போர் மூண்டு கப்பலும் நின்ற பிறகு அதுவும் இல்லை. "போன்ல தேடிப் பாரேன்" என்று அப்பா இன்றைக்கும் தன் கூட்டாளி ஒருவரைப் பற்றி என்னிடம் சொல்வார். அவருக்குத் தெரிந்தது அந்தக் கூட்டாளியின் செல்லப்பெயரும், அவருடைய அப்பா எந்தக் கங்காணி பெரட்டில் வேலை செய்தார் என்பதும்தான். அதை வைத்து எதைத் தேடுவது? அவர்கள் ஒருவரையொருவர் மறக்கவில்லை. இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்து பிரித்துவிட்டன.

எங்களை யாரும் அப்படிப் பிரிக்கவில்லை. ஆளுக்கொரு போன் இருக்கிறது. ஆனாலும் எங்கள் வகுப்பில் பாதிப் பேரைப் பற்றிப் பேச்சே வருவதில்லை. அவர்கள் தொலைந்து போகவில்லை, தோட்டத்திலேயே இருக்கிறார்கள்.

ஒரே ஒரு தடவை எல்லாரும் எல்லாரையும் தேடினோம். 2014 அக்டோபர் 29, காலை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போன நாள். கொஸ்லந்தைக்காரன் ஒருவன் எங்களோடு படித்தான். அவனுக்கு எத்தனை பேர் எடுத்தோமோ, லைன் கிடைக்கவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு அவனே பேசினான். அவன் இருந்தது வேறு டிவிஷன், தப்பிவிட்டான். சொந்தக்காரர்களைத் தோண்டித் தேடிக்கொண்டிருந்தான். அன்றைக்கு "எங்க இருக்க" என்று கேட்டவர்களில் யாரும் அவன் உத்தியோகத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பேசாதவர்களைத் தேடிப் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். ஹொப்டனை அவள் கொழுந்து நிறுக்கிற இடத்தில்தான் பார்த்தேன். இடுப்பில் படங்கு, அதற்குள் பொலித்தீன் பையில் சுற்றிய போன். உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. கல்யாணம், இரண்டு பிள்ளைகள், மலை வேலை. நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாய், 2024இல் 1,350. நிர்ணயித்த கிலோ வராத நாளில் அரைப்பேர். அவள் தராசு முள்ளைக் கண் எடுக்காமல் பார்த்து நின்றாள். கழிக்கிற கிலோவைப் பக்கத்து வரிசை ஆச்சிக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாள். அந்த டிவிஷனில் ஈ.பி.எப். படிவம் நிரப்புவதும், பொலிசிலிருந்தோ வைத்தியசாலையிலிருந்தோ வருகிற சிங்களக் கடிதத்தை வாசித்துச் சொல்வதும் அவள்தான். "நம்ம செட்ல என்னயப் பத்தி யாரும் கேக்குறாங்களா?" என்றாள். எனக்குப் பொய் சொல்ல மனமில்லை.

மடுல்சீமை டீச்சரானாள். தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களை எடுத்தபோது போனவள். ஆரம்பத்தில் மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய், பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் பற்றாது. பயிற்சியை முடித்து ஆசிரியர் சேவைக்குள் வரும்வரை அந்தக் காசோடு காலம் தள்ளினாள். பலர் இடையில் விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போனார்கள். அவள் போகவில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பிள்ளைகளைப் பின்னேரம் வைத்துப் படிப்பிக்கிறாள், காசு வாங்குவதில்லை. எங்கள் வகுப்பில் ஆகப் பெரிய வேலையைச் செய்கிறவர் யார் என்று என்னைக் கேட்டால், அவளைத்தான் சொல்வேன்.

காரணம் இருக்கிறது. கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் பல்கலைக்கழக அனுமதி 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பதுளை அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் கோட்டா இருந்து என்ன, உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் தமிழில் படிப்பிக்கிற பாடசாலைகளை ஊவாவில் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் பதுளையிலேயே தொடங்கியது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே ஒரு பட்டப்படிப்பு வைத்திருக்கிறது. பசறை ரோட்டில் பஸ்ஸில் போகிற தோட்டத்துப் பிள்ளை அந்தக் கட்டடங்களைத் தினமும் பார்க்கிறது. உள்ளே போவதற்கு எட்டாம் வகுப்பிலேயே ஒரு நல்ல கணித வாத்தியார் வேண்டும். அந்த வாத்தியார் இல்லாத பிள்ளைக்குக் கோட்டாவால் பயனில்லை.

2022க்குப் பிறகு எங்களில் இன்னும் பலர் வெளியே போய்விட்டார்கள். பெற்றோல் வரிசையையும் மருந்துத் தட்டுப்பாட்டையும் பார்த்தவர்களை நான் எப்படிக் குறை சொல்வேன்? போனவர்கள் வீட்டுக்குக் காசு அனுப்புகிறார்கள், கோயில் திருவிழாவுக்கு அனுப்புகிறார்கள். அதோடு இன்னொன்றையும் கேட்கிறேன். மெல்பேர்னில் இருக்கிற எஞ்சினியர் மச்சான், டுபாயில் கணக்கு எழுதுகிற மச்சான், சனிக்கிழமையில் ஒரு மணித்தியாலம் உங்களிடம் இருக்கும். ஒரு பாடசாலையின் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போன் வழியாகக் கணிதம் சொல்லிக் கொடுங்கள். டிசம்பர் லீவில் வரும்போது எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், பசறைக்கும் ஒரு நடை போங்கள். ஹொப்டனைப் போய்ப் பாருங்கள், அவளுடைய பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேளுங்கள். மடுல்சீமைக்கு இன்றைக்கே ஒரு கோல் எடுங்கள். எந்தப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை என்று அவள் சொல்வாள்.